கனசாவாவில் இரண்டு நாள்: முதலில் கைவேலை, அப்புறம் ஊர்

ஜப்பானுக்கு முதல் தடவை போகிறவர்கள் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மூன்றையும் திட்டத்தில் எழுதிவிட்டு, மீதி இருக்கிற ஒரு நாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்பார்கள். அந்த ஒரு நாளை இரண்டாக்கிக்கொண்டு கனசாவாவுக்குப் போங்கள் என்பேன். ஜப்பான் கடலோரத்தில் இஷிகாவா மாநிலத்தின் தலைநகர் அது. இரண்டாம் உலகப் போரில் அந்த ஊர் மேல் குண்டு விழவில்லை. அதனால் சாமுராய்கள் வாழ்ந்த தெருக்கள், ஆடிப் பாடி விருந்தினரை மகிழ்விக்கும் கெய்ஷாக்களின் தேநீர் விடுதிகள், கோட்டை, தோட்டம் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கின்றன. அதைவிட முக்கியம், அவற்றைக் கட்டி அழகுபடுத்திய கைத்தொழில்களும் அங்கேயே உயிரோடு இருக்கின்றன. 2009-இல் யுனெஸ்கோ இந்த ஊரைக் கைவினைக்கான படைப்பாக்க நகரமாகச் சேர்த்துக்கொண்டது.

நான் முதல் முறை போனபோது காலையில் இறங்கி இரவில் திரும்பும்படி திட்டம் போட்டிருந்தேன். தோட்டத்தைப் பார்த்துவிட்டு தேநீர் விடுதிகள் இருக்கும் ஹிகாஷி சாயா தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. கடைகள் எல்லாம் மூடிவிட்டன. மரச் சட்டக் கதவுகளைப் பார்த்துக்கொண்டு தெருவின் கடைசி வரை நடந்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை இரண்டு இரவு தங்கினேன். முதல் நாள் காலையிலேயே ஒரு பட்டறையில் உட்கார்ந்து தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய தங்கத் தாள், ஒட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அதே தெரு வேறு தெருவாகத் தெரிந்தது. இந்த வழிகாட்டி அந்த இரண்டாம் பயணத்தின் வரிசைப்படி போகிறது.

கிளம்பும் முன்

முதலில் கிழமை. திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். 21ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகம், தேசியக் கைவினை அருங்காட்சியகம் இரண்டுக்கும் வழக்கமான விடுமுறை அன்றுதான். திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் அன்று திறந்துவிட்டு அடுத்த நாள் மூடுவார்கள். செவ்வாய், புதன், வியாழனில் வேறு சில சின்ன இடங்கள் மூடியிருக்கும். எந்தக் கைவேலைப் பட்டறைக்குப் போகப் போகிறீர்களோ அதன் விடுமுறை நாளை முதலில் பாருங்கள். மற்றதை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது குடை. 'சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே' என்பது அந்த ஊர்ப் பழமொழி. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஹகுசான் மலைப்பக்கம் மோதி, ஆண்டு முழுக்க நினைத்த நேரத்தில் மழையாகப் பெய்யும். குளிர்காலத்தில் அதே ஈரம் கனத்த பனியாக விழும். இடியும் சேர்ந்தே வரும். நனைந்தாலும் நடக்கக்கூடிய காலணி அவசியம். சாமுராய் வீடுகளிலும் தேநீர் விடுதிகளிலும் காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் சட்டென்று கழற்றி மாட்டக் கூடியதாக இருக்கட்டும். கிழிசல் இல்லாத சாக்ஸும் வேண்டும்.

பட்டறைக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். தங்க ரேக்கு ஒட்டுவது, கைக்குட்டையில் சாயம் தீட்டுவது, குதானி என்ற இந்த வட்டாரத்துப் பீங்கான் கோப்பையில் வண்ணம் பூசுவது ஆகிய எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரு மணி நேரம் போதும். எந்தப் பொருளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆயிரம் யென்னிலிருந்து சில ஆயிரம் யென் வரை ஆகும். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். செய்து காட்டுவார்கள், பார்த்துச் செய்தால் போதும்.

போய்ச் சேர்வது

டோக்கியோவிலிருந்து ஹொகுரிகு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் நேராகப் போகிறது. 2015 மார்ச்சில் கனசாவா வரை வந்த பாதை அது. ககயாகி வண்டியில் சுமார் இரண்டரை மணி நேரம், டிக்கெட் சுமார் 14,000 யென். ககயாகியில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான். ஹகுதாகா கொஞ்சம் மெதுவாகப் போகும், அதில் முன்பதிவு இல்லாத பெட்டிகளும் உண்டு.

கியோட்டோ, ஒசாகா பக்கமிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பயணக் குறிப்புகளில் தண்டர்பேர்ட் ரயில் நேரே கனசாவா போகும் என்று எழுதியிருக்கும். 2024 மார்ச்சில் ஷின்கான்சென் பாதை சுருகா என்ற ஊர் வரை நீண்ட பிறகு தண்டர்பேர்ட் சுருகாவோடு நின்றுவிடுகிறது. அங்கே இறங்கி, அதே நிலையக் கட்டடத்துக்குள் மாடி ஏறி ஷின்கான்சென் பிடிக்க வேண்டும். மாறும் நேரம் குறைவு. பெரிய பெட்டி இருந்தால் முன்கூட்டியே கதவருகே வந்து நில்லுங்கள். இன்னும் நல்லது, பெட்டியைத் தக்குபின் என்கிற பார்சல் சேவையில் விடுதிக்கு அனுப்பிவிட்டு ஒரு கைப்பையோடு வருவது.

நிலையத்தில் கிழக்கு வாசல் வழியாக வெளியே வாருங்கள். முறுக்கிய மரத்தூண்களோடு பெரிய வாசல் ஒன்று நிற்கும். நோ என்ற பழைய ஜப்பானிய நாடகத்தில் வாசிக்கும் சுசுமி என்கிற கைமேளத்தின் வடிவம் அது. பேருந்துகளும் அங்கிருந்தே. சுற்றுப் பேருந்து வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று ஊரைச் சுற்றுகிறது. ஒரு தடவைக்கு 200 யென் சொச்சம் ஆகும், நாலு தடவைக்கு மேல் ஏறுவதாக இருந்தால் ஒருநாள் பாஸ் லாபம். பின் கதவில் ஏறி, இறங்கும்போது முன்னால் காசு போட வேண்டும். சில்லறை கையில் இருக்கட்டும். ஊர் சின்னதுதான். மழை இல்லாவிட்டால் முக்கால்வாசி இடங்களுக்கு நடந்தே போகலாம்.

முதல் நாள் காலை: தங்கம்

ஜப்பானில் தயாராகும் தங்க ரேக்கில் ஏறத்தாழ 99 விழுக்காடு இந்த ஒரு ஊரிலிருந்து வருகிறது. கியோட்டோவின் பொன் மண்டபமான கின்காகுஜியை 1987-இல் புதுப்பித்தபோது போர்த்திய தங்கமும் கனசாவா ரேக்குதான்.

ஹிகாஷி சாயா தெருவுக்குப் பக்கத்திலேயே யாசுயே தங்க ரேக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. ரேக்குத் தொழிலாளி ஒருவர் தன் தொழிலின் அடையாளம் அழிந்துவிடக் கூடாது என்று சேர்த்துவைத்த பொருள்களில் தொடங்கியது அது. ஒன்பதரைக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். தங்கத்தில் கொஞ்சம் வெள்ளியும் செம்பும் சேர்த்து உருக்கி, தகடாக்கி, காகிதங்களுக்கு நடுவே அடுக்கி அடிக்கிறார்கள். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை மெலிதாக்குகிறவர் ஒருவர். அதை வாங்கிப் பத்தாயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆக்குகிறவர் இன்னொருவர். பத்து யென் நாணயம் அளவு தங்கம் இப்படி தரையில் போடும் ஒரு தத்தாமிப் பாய் அளவுக்கு விரிகிறது.

இத்தனைக்கும் மூலகாரணம் காகிதம். கன்பி என்ற செடியின் நாரில் செய்த காகிதத்தை வைக்கோல் சாம்பல் நீர், பெர்சிமன் காய்ச் சாறு, முட்டை வெள்ளைக்கரு கலந்த கரைசலில் நனைத்து, உலர்த்தி, அடித்து, மறுபடி நனைத்து மாதக் கணக்கில் பக்குவப்படுத்துகிறார்கள். காகிதம் நன்றாக அமைந்தால் ரேக்கு நன்றாக வரும் என்பதால் ஒவ்வொரு தொழிலாளியும் தன் காகிதத்தைத் தானே தயாரிக்கிறார். இந்தப் பழைய முறைக்கு எந்த்சுகே என்று பெயர். ஜப்பானிய மரக் கட்டடங்களைக் காக்கும் பாரம்பரியத் தொழில்நுட்பங்களோடு சேர்த்து 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் இதுவும் ஏறியது.

படைத்தலைவரான ஷோகுன் ஜப்பானை ஆண்ட ஏடோ காலத்தில், அவர் அரசு ஏடோவிலும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவிலும் தவிர வேறெங்கும் தங்க ரேக்கு அடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருந்தது. 1808-இல் கனசாவாக் கோட்டையின் மாளிகை எரிந்துபோனது. திரும்பக் கட்ட ஏராளமான ரேக்கு தேவைப்பட, கியோட்டோவிலிருந்து தொழிலாளிகளை வரவழைத்தார்கள். அவர்களிடம் கற்றவர்கள் மறைவாகத் தொழிலைத் தொடர்ந்தார்கள். ஷோகுன் ஆட்சி போனபோது ஏடோவின் ரேக்குத் தொழிலும் சரிந்தது. கனசாவா நின்றது.

சரி, இப்போது பட்டறை. ஹகுசா, சகுதா, ஹகுஇச்சி எனப் பல கடைகள் ரேக்கு ஒட்டக் கற்றுத்தருகின்றன. சாப்பிடும் குச்சி, சின்னத் தட்டு, கைக்கண்ணாடி, டப்பா என்று எதையாவது தேர்ந்தெடுக்கலாம். முதல் தடவைக்குத் தட்டையான பரப்பு உள்ள பொருளே எளிது. செய்முறை இப்படிப் போகும்:

தங்கம் வரக் கூடாத இடத்தை நாடாவால் மறைப்பீர்கள். பசையை மெல்லத் தடவி, அதிகமானதைத் துணியால் துடைத்து எடுப்பீர்கள். இங்கே அவசரப்படக் கூடாது. பசை திட்டுத்திட்டாக இருந்தால் அது தங்கத்துக்கு மேலேயும் தெரியும். பிறகு மூங்கில் இடுக்கியால் ரேக்கை எடுத்து மேலே விட வேண்டும். விரல் பட்டால் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். படிந்த பிறகு பஞ்சால் மெதுவாக ஒற்றி, நாடாவை உரித்தால் விளிம்பு கூர்மையாக எழும். கடைசியில் பாதுகாப்புப் பூச்சு.

எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாள் முதலில் தான் ஒன்று செய்து காட்டினார். மூங்கில் இடுக்கியில் ரேக்கின் ஓரத்தைப் பிடித்துத் தோல் விரித்த பலகை மேல் போட்டார். அது சுருங்கிக் கிடந்தது. குனிந்து, உதட்டைக் குவித்து, நடுவில் ஒரே ஒரு முறை ஊதினார். நடுவிலிருந்து ஓரம் வரை வட்டமாக விரிந்து ரேக்கு அப்படியே படிந்தது. மூங்கில் சட்டத்தை வைத்து நாலு பக்கமும் நறுக்கினார். 10.9 சென்டிமீட்டர் சதுரம், பிசிறு இல்லை. அறையில் மின்விசிறி கிடையாது, கதவு மூடியிருந்தது. நான் ஊதியபோது ரேக்கு மடிந்து ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. மூச்சை எவ்வளவு விடுவது என்பதுதான் அங்கே வித்தை. இரண்டாவது ரேக்கைக் கொஞ்சம் காப்பாற்றினேன்.

முடித்துவிட்டு வெளியே வந்தால் ஹிகாஷி சாயா. 1820-இல் இந்த வட்டாரத்தை ஆண்ட மயேதா பிரபுக்கள் ஊரில் சிதறிக் கிடந்த தேநீர் விடுதிகளை ஒன்றாக்கி அமைத்த தெரு. வீட்டு முகப்பில் மெல்லிய மரச் சட்டங்கள் நெருக்கமாக இருக்கும். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது. ஷிமா என்ற விடுதி அதே 1820-இல் கட்டியபடியே நிற்கிறது, கட்டணம் கொடுத்து உள்ளே போகலாம். விருந்தினர் உட்காரும் இடம், கெய்ஷா ஆடிய இடம், கீழே சமையற்கட்டு எல்லாம் பார்க்கலாம். மாடி அறையின் சிவந்த சுவரையும் கதவுப் பிடிகளில் இருக்கும் எனாமல் வேலையையும் விட்டுவிடாதீர்கள். முழு ரேக்கு ஒன்றைப் போர்த்திய ஐஸ்கிரீமும் இந்தத் தெருவில் கிடைக்கும். தங்கத்துக்குச் சுவை கிடையாது, உதட்டில் ஒட்டும். குழந்தைகளோடு போனால் வாங்கிக் கொடுங்கள்.

முதல் நாள் மதியம்: சந்தையும் கோட்டையும்

ஓமிச்சோ சந்தை பதினைந்து நிமிட நடை. கிட்டத்தட்ட 300 ஆண்டுகளாக ஊருக்குச் சோறு போடும் இடம். நண்டு, இறால், மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். சைவக்காரர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். காய்கறிக் குழம்பு மாதிரித் தெரிவதிலும் தாஷி என்ற மீன் சாறு இருக்கும். 'நிகு மோ சகானா மோ தபெமாசென், தாஷி மோ தமே தெசு' என்று ஒரு தாளில் ஜப்பானிய எழுத்தில் எழுதிக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன், தாஷியும் ஆகாது என்று பொருள். சந்தையில் பழமும், கோரோஜிமா வட்டாரத்துச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கிடைக்கும். உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டையும் பெரும்பாலும் பாதுகாப்பு. தேயிலைக் காம்பை வறுத்துப் போடும் காகா போச்சா என்ற தேநீர் இந்த ஊருக்கே உரியது. பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள், பாரமே இருக்காது.

கோட்டையில் அதிக நேரம் வேண்டாம். உயர்ந்த கோபுரம் 1602-இலேயே இடி விழுந்து எரிந்துவிட்டது. பெரிய கட்டடங்களில் பலவும் பிற்காலத்தில் பழைய முறைப்படி திரும்பக் கட்டியவை. 1788-இல் கட்டிய இஷிகாவா வாசலை மட்டும் நின்று பாருங்கள். ஓடுகள் வெளிறித் தெரிவதற்குக் காரணம் அவற்றின் மேல் ஈயத் தகடு போர்த்தியிருப்பது.

1583-இல் இந்தக் கோட்டைக்குள் வந்த மயேதா தோஷியேயின் வழிவந்தவர்கள் ஆண்ட காகா நாடு, ஷோகுனுக்கு அடுத்த பெரிய பணக்கார நாடு. ஆண்டுக்குப் பத்து லட்சம் கொகு (பழைய ஜப்பானிய அளவை) நெல் விளையும் என்று பெயர். அவ்வளவு செல்வத்தைப் படைக்குச் செலவழித்தால் ஷோகுனுக்குச் சந்தேகம் வரும். அதனால் பணத்தைக் கலைக்கும் கைவேலைக்கும் திருப்பினார்கள். ஆயுதம் பழுதுபார்க்க வைத்திருந்த கோட்டைப் பட்டறை அப்படியே அரக்கு வேலை, உலோக வேலை, தங்கத் தூள் வேலை செய்யும் கூடமானது. நீங்கள் கடைகளில் பார்க்கும் பாதி வேலைகளின் வேர் அந்தக் கூடத்தில் இருக்கிறது.

இரண்டாம் நாள்: தோட்டமும் பட்டும்

கென்ரோகுயென் தோட்டத்துக்குப் பகலில் கூட்டத்தோடு போகாதீர்கள். கட்டண நேரம் தொடங்குவதற்கு முன் விடியற்காலையில் இலவசமாக உள்ளே விடுகிறார்கள். பருவத்தைப் பொறுத்து நாலு, ஐந்து அல்லது ஆறு மணி. குறிப்பிட்ட வாசல்கள் மட்டும் திறந்திருக்கும், கட்டண நேரத்துக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். எந்த வாசல், எத்தனை மணி என்று முந்தின இரவே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் போன காலையில் நாயோ கடைக்காரரோ யாரும் இல்லை. ஈரப்பாசியும் தண்ணீர்ச் சத்தமும்தான்.

பெயருக்கு ஆறு குணங்களும் சேர்ந்த தோட்டம் என்று பொருள். விசாலம், ஒதுக்கம், மனிதக் கைவேலை, பழைமை, நீர், தொலைதூரக் காட்சி ஆகிய ஆறும் ஓரிடத்தில் சேராது என்பார்கள், இங்கே சேர்ந்திருக்கின்றன. கசுமிகா குளத்தோரம் இரண்டு கால் கல்விளக்கு நிற்கும். கொத்தோ என்ற தந்தி வாத்தியத்தில் தந்தியைத் தாங்கும் கட்டையைப் போன்ற வடிவம். ஒரு கால் தண்ணீரில், ஒரு கால் கல் மேல். கொஞ்சம் கீழே இறங்கினால் ஒரு நீரூற்று இருக்கிறது. அதற்கு மோட்டார் கிடையாது. மேலே இருக்கும் குளத்துக்கும் இந்த இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தில் தண்ணீர் தானே எழும்புகிறது. அந்தத் தண்ணீர் 1632-இல் வெட்டிய தத்சுமி வாய்க்காலில் வருவது.

நவம்பர் 1 முதல் பைன் மரங்களுக்குக் கயிறு கட்டத் தொடங்குவார்கள். மரத்துக்கு மேல் உயரமாகக் கம்பம் நட்டு, உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் வைக்கோல் கயிறு இழுப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் விரித்த குடை போல இருக்கும். இந்த ஊர்ப் பனி ஈரமும் கனமும் உள்ளது, கயிறு இல்லாவிட்டால் கிளை முறிந்துவிடும். கனசாவாவில் வானத்திலிருந்து பாட்டு விழும் என்று ஒரு சொலவடை உண்டு. மரத்தின் மேல் ஏறி வேலை செய்யும் தோட்டக்காரர்களும் தச்சர்களும் நோ நாடகப் பாட்டைப் பாடிக்கொண்டே வேலை செய்ததால் வந்தது.

தோட்டத்துக்கு வெளியே சற்று நடந்தால் காகா யூசென் மண்டபம். பட்டில் கையால் வரைந்து சாயமேற்றும் கலை. 1712-இல் கியோட்டோவிலிருந்து வந்த மியாசாகி யூசென்சாய் இங்கே இதற்கு வடிவம் கொடுத்தார். அவுரி நீலம், அரக்குச் சிவப்பு, மஞ்சட்காவி, புல் பச்சை, பழைய ஊதா என்று ஐந்து நிறங்கள். முதலில் ஒரு நீலப் பூவின் சாற்றால் கோடு வரைகிறார்கள், தண்ணீர் பட்டதும் அது போய்விடும். கோட்டின் மேல் பசையரிசிக் கூழை நூல் போலப் பிழிந்து வரப்பு கட்டுகிறார்கள். சாயம் அந்த வரப்பைத் தாண்டாது. சாயம் ஊறிய பிறகு கழுவினால் கூழ் கரைந்து, இருந்த இடம் வெள்ளைக் கோடாக நிற்கும். முன்பெல்லாம் அசானோ ஆற்றில் அலசினார்கள், இப்போது பெரும்பாலும் கட்டடத்துக்குள் ஓடும் வாய்க்காலில்.

தங்க ரேக்குக்குப் பேர்போன ஊரின் பட்டில் பொதுவாகத் தங்கம் சேர்ப்பதில்லை, ஊசிநூல் பூத்தையலும் இல்லை. அதற்குப் பதில் பூச்சி அரித்த இலையை வரைகிறார்கள். விளிம்பில் ஓட்டை விழுந்து, கறுத்துப்போன இலை. உண்மையில் இலை அப்படித்தானே இருக்கும். கைக்குட்டைக்குச் சாயம் தீட்டும் வகுப்பு இங்கே உண்டு. இதழின் வெளி விளிம்பில் அடர்த்தியாகத் தொடங்கி உள்ளே போகப் போக வெளிற விடுங்கள், அதுதான் காகா முறை.

இதே வட்டாரத்தில் இஷிகாவா மாநிலக் கைவினை அருங்காட்சியகம் இருக்கிறது. மாநிலத்தின் 36 கைத்தொழில்களும் ஒரே கூரைக்குள். கடையில் எதையும் வாங்கும் முன் இங்கே ஒரு முறை போய்விடுங்கள், நல்ல வேலை எது என்று கண்ணுக்குப் பிடிபடும். 2020-இல் டோக்கியோவிலிருந்து இடம் மாறி வந்த தேசியக் கைவினை அருங்காட்சியகமும் நடை தூரம்தான்.

மதியம் நகமாச்சி. சாமுராய்கள் வாழ்ந்த மண்சுவர்ச் சந்துகள். டிசம்பரிலிருந்து சுவர்களுக்கு வைக்கோல் பாய் போர்த்துவார்கள், பனி ஈரத்தில் மண் உதிராமல் இருக்க. நோமுரா வீட்டின் சின்னத் தோட்டத்தைப் பார்க்க உள்ளே போகலாம். நேரம் இருந்தால் 1643-இல் கட்டிய மியோர்யூஜி கோயில். வெளியே இரண்டு மாடி, உள்ளே நாலு. 23 அறைகள், 29 படிக்கட்டுகள், மறைகதவுகள். நிஞ்சா கோயில் என்று பெயர், ஆனால் நிஞ்சாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முன்பதிவு இல்லாமல் விட மாட்டார்கள், விளக்கம் ஜப்பானிய மொழியில்தான்.

அங்கிருந்து கிட்டத்தில் 1870-இல் தொடங்கிய குதானி கோசென் சூளை. சக்கரம், சூளை, வண்ணம் தீட்டும் இடம் எல்லாம் காட்டுவார்கள். நீங்களும் கோப்பையில் வரையலாம். ஆனால் அதைச் சுட்டு எடுக்க வாரங்கள் ஆகும், பிறகுதான் அனுப்புவார்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, செலவு எவ்வளவு என்று தூரிகையைத் தொடும் முன் கேட்டுவிடுங்கள்.

வாங்கும்போது

கடைகளில் வஜிமா அரக்குப் பாத்திரமும் இருக்கும். வஜிமா இதே மாநிலத்தின் வடக்கே நோதோ தீபகற்பத்தில் உள்ள ஊர். 2024 ஜனவரி 1-ஆம் தேதி நிலநடுக்கத்தில் பெரிதும் சிதைந்தது, காலைச் சந்தைத் தெரு எரிந்துபோனது. பட்டறை இழந்தவர்கள் பலர். கனசாவாவில் ஒரு பொருளுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால் அந்தக் கிண்ணத்தை வாங்குங்கள் என்பது என் ஆசை. விலை அதிகம்தான். மரத்துக்குத் துணி ஒட்டி, மண் கலந்த அரக்கு பூசி, தேய்த்துத் தேய்த்துப் பல அடுக்கு ஏற்றிய வேலை அது. வெந்நீரில் ஊறப்போடாமல், நார் போட்டுத் தேய்க்காமல், மெல்லிய துணியால் துடைத்து வைத்தால் பல ஆண்டு உழைக்கும்.

நீங்களே தங்கம் ஒட்டிய பொருளுக்கும் கவனம் தேவை. பூச்சு முழுதாகக் காயும் வரை அதைத் தேய்க்கக் கூடாது. எத்தனை நாள் என்று பட்டறையிலேயே சொல்வார்கள். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. துணிமணிகளுக்கு நடுவே பெட்டியில் அமுக்காமல், அவர்கள் கொடுக்கும் அட்டைப் பெட்டியோடு கைப்பையில் மேலாக வையுங்கள்.